லூசியின் எடை

மார்ச் 11, செவ்வாய். கூடம் பெருக்கும்போது லூசிக்காவைக் கேட்காமல் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியை ஒரு முழம் தள்ளி வைத்தேன். தவறு என்னுடையது. அதற்குப் பிறகு அந்த நாற்காலியை யாராலும் நகர்த்த முடியவில்லை.

போர்ட் பிளேரின் டாலிகஞ்ச் வீட்டுத் தினக்குறிப்பில் சுபிதா இவ்வளவுதான் எழுதினாள். எழுதி முடித்ததும் ‘யாராலும்’ என்பது மிகையோ என்று சந்தேகம் வந்தது. மாலை வகுப்புக்கு நேரமாகிக்கொண்டிருந்தது என்றாலும் திரும்பிப் போய் மறுபடி தள்ளிப் பார்த்தாள். பிறகு மிக்கேலைக் கூப்பிட்டாள். மிக்கேல் படகு எஞ்சின் மெக்கானிக், இரண்டு ஆள் பலம் உள்ளவர். அவர் தோள் கொடுத்தார். டெர்வின் முதுகைக் கொடுத்து முட்டினான். சக்கர நாற்காலி தரையில் முளைத்ததுபோல நின்றது. ஆனால் லூசி தன் இரு கைகளால் சக்கரத்தைப் பிடித்து உருட்டியபோது அது வழக்கம்போல ஓடியது. சமையலறைக்குப் போனாள், குளியலறைக்குப் போனாள், கைகளை ஊன்றித் தானே படுக்கைக்கு மாறிக்கொண்டாள். பிறர் கை பட்டால் மட்டும் எடை வந்தது. அந்த வாரம் சூரை மீனும் விலை ஏறியிருந்தது. தெருவில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

அந்த வீடு சுனாமிக்குப் பின் உண்டானது. லூசிக்குச் சிறு வயதிலேயே போலியோவில் இரண்டு கால்களும் போயின. கடல் ஏறி வந்தபோது அவள் கார் நிக்கோபாரில் அக்கா வீட்டில் இருந்தாள். யாரோ அவளைத் தென்னந்தோப்புக்குத் தூக்கிப் போனார்கள், யாரோ விமானத்தில் ஏற்றினார்கள், யாரோ போர்ட் பிளேர் நிவாரண முகாமில் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தார்கள். அக்கா குடும்பம் கப்பலேறித் தூத்துக்குடிக்குப் போனது, அடுத்த கப்பலில் அவளை அழைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு. கப்பல்கள் வந்தபடி இருந்தன. முகாமில் சோறு வடித்துக்கொண்டிருந்த மிக்கேலும், கண் தெரியாத ருக்குவும், லூசியும் மூன்று வருடம் கழித்து ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். உடம்பு எப்படி இருந்தாலும் வாடகையில் பங்கு உண்டு, வேலையில் முறை உண்டு, யாரும் யாருக்கும் நர்ஸ் இல்லை என்பது லூசி போட்ட விதி. பலர் வந்தார்கள், சிலர் போனார்கள். மிக மெதுவாகப் பேசுகிற, ஆனால் எதையும் மறக்காத டெர்வின் வந்தான். கச்சால் தீவிலிருந்து படிக்க வந்த சுபிதா மலிவான அறை தேடி வந்து, மூன்று வருடமாகப் போகாமல் இருந்தாள். இப்போது வீட்டில் ஒன்பது பேர்.

வாசலில் இரண்டு படிகள். தினமும் காலையில் முறைக்காரர்கள் இருவர் நாற்காலியின் இரு பக்கமும் நின்று ‘ஏக், தோ, தீன்’ என்று சத்தம் கொடுத்து லூசியைத் தூக்கிப் படிகளுக்குக் கீழே இறக்குவார்கள். ஆட்டோக்காரர் ஈஸ்வரன் அவளை அள்ளி உள்ளே உட்கார வைப்பார். ஜங்லிகாட்டில் நாகலிங்கத்தின் மொபைல் கடையில் அவளுக்கு ரிப்பேர் வேலை. மாலையில் அதே தூக்கல் மேல்நோக்கி நடக்கும். வீட்டுக்கு வந்த விருந்தினர் எல்லோருக்கும் அந்தத் தூக்கலைப் பார்க்கப் பிடிக்கும். சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். கான்ட்ராக்டர் உதயசூரியன் அதைப் படம் பிடித்துத் தன் கம்பெனி காலண்டரில் போட்டார். படத்தில் தூக்குகிற கைகள் தெளிவாக விழுந்திருந்தன. லூசியின் முகத்தின் மேல் பொங்கல் வாழ்த்து அச்சாகியிருந்தது.

புதன்கிழமை காலை அந்தத் தூக்கல் நடக்கவில்லை. மிக்கேலும் ஈஸ்வரனும் முயன்றார்கள், பக்கத்து வீட்டு வங்காளிப் பையன்கள் முயன்றார்கள். ஈஸ்வரன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “என்னக்கா, ராத்திரி நங்கூரத்த முழுங்கிட்டீங்களா?” என்றார். லூசி சிரிக்கவில்லை. கடைக்கு போன் செய்தாள். நாகலிங்கம் நல்ல மனிதர்தான், ஆனால் கவுன்டரில் போன்கள் குவிந்துகொண்டிருந்தன. மாதக் கடைசி வரை பார்ப்பேன், அதற்குமேல் வேறு ஆள்தான் என்றார்.

சுபிதா அன்று முழுவதும் சரியாகச் சாப்பிடவில்லை. மாலையில் வகுப்புக்குப் போகாமல் லூசியின் அருகில் வந்து நின்றாள்.

“அக்கா, நான் கேக்காமத் தள்ளினதாலதானே இது? மன்னிச்சுக்குங்க. இப்பக் கேக்கறேன். தள்ளட்டுமா?”

“தள்ளு,” என்றாள் லூசி.

சுபிதா தள்ளினாள். நகரவில்லை.

“பாத்தியா. நான் வேணும்னு செய்யலட்டி. எனக்கும் கடைக்குப் போணும்.” லூசி மடியிலிருந்த போனின் முதுகைக் கழற்றிக்கொண்டே பேசினாள். “ஒரு முழம் தள்ளினதுக்கா ஒருத்தி இப்பிடி ஆவா? நீ கடைசி ஆளு, அவ்வளவுதான். மொத ஆளு மூஞ்சி எனக்கு ஞாபகமே இல்ல.”

சனிக்கிழமைக் கூட்டத்தில்தான் மீதி வெளியே வந்தது. வாரம் ஒருமுறை எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து வீட்டு விஷயம் பேசுவது வழக்கம். பேச அதிக நேரம் எடுப்பவர் முதலில் பேச வேண்டும் என்பது விதி. டெர்வின் தொடங்க, மற்றவர்கள் காத்திருப்பார்கள். ஆனால் மூன்று வாரங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை கரண்ட் போனது. கூடம் அடுப்புபோல இருந்தது. யாரோ, மேலே காற்று வருகிறதே என்றார்கள். நடக்க முடிந்தவர்கள் பின்பக்கப் படிகளில் ஏறி மொட்டை மாடிக்குப் போனார்கள். அங்கே வைத்துத்தான், உதயசூரியன் ஊருக்கு வெளியே கட்டியிருக்கும் புது வீட்டுக்கு எல்லோரும் குடிபோவது என்று முடிவானது. செத்துப்போன தன் அம்மா பெயரில் அவர் கட்டிய வீடு. வாடகை கிடையாது. பழைய வீட்டை மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும். புது வீட்டில் கீழ்த்தளம் முழுக்க லூசி, டெர்வின், ருக்கு போன்றவர்களுக்கு. அகலமான குளியலறை, வழுக்காத தரை, பாதுகாப்புக்கு இரும்பு கேட், பார்த்துக்கொள்ள ஒரு சம்பள ஆயா. மேல்தளம் மற்றவர்களுக்கு. மறுநாள் காலையில் சுபிதாதான் காபியோடு வந்து லூசியிடம் நல்ல செய்தி என்று சொன்னாள். எல்லோருக்கும் சம்மதம் என்றாள்.

“எல்லாருக்கும் சம்மதம்னியே,” என்றாள் லூசி இப்போது. “எல்லாரும்னா யாரு?”

விதிப்படி டெர்வின் முதலில் பேச வேண்டும். அவன் வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தான். எல்லோரும் காத்திருந்தார்கள்.

“என்னய,” என்றான் டெர்வின், “பிஸ்கட் வாங்க அனுப்பிட்டாங்க.”

ருக்கு தன் மூலையிலிருந்து, “கைப்பிடி இல்லாத படி,” என்றாள். “நான் ஏறி விழுந்தா மறுநாள் உங்களுக்கு யாரு பொங்கிப் போடுவா?”

மிக்கேல் உள்ளங்கையால் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். “கரண்ட் இல்ல லூசி. கூடத்துல உக்கார முடியல. அப்பிடிப் புழுக்கம்.”

“எனக்குப் புழுங்காதா?”

மிக்கேல் அதை விட்டுவிட்டு வேறொன்றைச் சொன்னார். அவர் வாக்குக் கொடுத்துவிட்டார். உதயசூரியன் திறப்பு விழாவுக்குப் பெரிய ஆட்களுக்கெல்லாம் அழைப்பு அனுப்பிவிட்டார், பந்தல்காரனுக்கு அட்வான்ஸ் போய்விட்டது. “உனக்காகத்தான் இவ்வளவும். அங்க எல்லாம் உன் வசதிக்குத்தான். கொஞ்சம் யோசி,” என்றார். லூசி யோசிப்பதாகக்கூடச் சொல்லவில்லை. இரும்பு கேட்டுக்கு அந்தப் பக்கம் சம்பள ஆயாவும் இந்தப் பக்கம் தானும் இருக்கும் வீட்டுக்குச் சாகும்வரை வரமாட்டேன் என்றாள். அன்று கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது. பாயில் படுத்தபோது சுபிதாவுக்கு முதலில் வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அது கோபமாக மாறியது. யார் மேல் என்று பிரித்துப் பார்த்தாள். மிக்கேல் அண்ணன் மேல் பாதி, தன் மேல் பாதி. கணக்கு சரிதானா என்று தெரியவில்லை.

அதன்பின் வந்த நாட்களில் பலரும் வந்து லூசியை நகர்த்திப் பார்த்தார்கள். ஜெபம் செய்ய வந்தவர்களும் ஜெபத்தின் முடிவில் ஒரு கை வைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு கைக்கும் எடை கூடியது, கூடியது குறையவில்லை. முதலில் கூடத்து டைல்ஸ் கிண்ணம்போலக் குழிந்தது. மேசையில் வைத்த தக்காளி அவளை நோக்கி உருண்டது. பிறகு தெருவில் பிரேக் போடாமல் நிறுத்திய ஸ்கூட்டர்கள் மெல்ல நகர்ந்து வந்து வீட்டுச் சுவரில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றன. இருபதாம் தேதி வாக்கில் ஜங்லிகாட் ஜெட்டியில் கட்டிக் கிடந்த படகுகள் எல்லாம் காற்று எப்படி அடித்தாலும் டாலிகஞ்ச் பக்கம் முகத்தைத் திருப்பின. துறைமுகத்திலிருந்து ஒருவர் வந்து, வாசலில் நின்றபடியே கூடத்தை எட்டிப் பார்த்து, “அச்சா, இதானா,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் உதயசூரியன் வெள்ளைச் சட்டையில் வந்தார். பின்னால் வேன், வேனுக்குப் பின்னால் ஜெட்டியில் மூட்டை தூக்குகிற எட்டுப் பேர். அவர் கெட்டவர் அல்ல என்பதைச் சொல்ல வேண்டும். கடைசிக் காலத்தில் படுக்கையில் கிடந்த தன் அம்மாவை அவரே குளிப்பாட்டியவர். லூசியின் முன் குனிந்து, குழந்தையிடம் பேசுவதுபோலக் குரலை இறக்கினார்.

“தங்கச்சி, கோவப்படக் கூடாது. பெரிய பெரிய ஆளுங்கல்லாம் வர்றாங்க. நீங்கதான் ரிப்பன் வெட்டப் போறீங்க. சமத்தா வரணும், என்ன?”

“எனக்கு நாப்பத்தி மூணு வயசாவுது,” என்றாள் லூசி. “சமத்துன்னு யார்ட்ட சொல்றியரு?”

உதயசூரியன் நிமிர்ந்து மிக்கேலைப் பார்த்தார். எட்டுப் பேரும் சூழ்ந்து தூக்கினார்கள். அவர்களுடைய செருப்புகள்தான் தரையில் புதைந்தன. தலைவன்போல இருந்தவன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, “நஹீ ஹோகா சாப். பேட்டி நஹீ, பஹாட் ஹை,” என்றான். முடியாது, பெட்டியில்லை, லூசி ஒரு மலை என்று அவன் சொன்னதைக் கேட்டு மற்றவர்கள் சிரித்தார்கள். மிக்கேல் சிரிக்கவில்லை. வெளியே போய், படகு எஞ்சின்களைத் தூக்குகிற தன் செயின் பிளாக்கை எடுத்து வந்தார். கூரையில் ஃபேனுக்காகப் போட்ட கொக்கியில் அதை மாட்டினார். கனத்த வார்ப்பட்டையை லூசியின் முகத்தைப் பார்க்காமல் நாற்காலியின் கீழ் கொடுத்தார்.

“மிக்கேலு,” என்றாள் லூசி. “அத மாட்டாத.”

“பத்து நிமிஷம் லூசி. கண்ண மூடிக்க. வேன்ல ஏத்திட்டா எல்லாம் சரியாப் போயிரும்.”

சுபிதா வாழ்க்கையில் ஒரே ஒருமுறை, சந்தேகப்படாமல், யோசிக்காமல் கத்தினாள். அது இப்போதுதான். “எஞ்சினா அண்ணே அவங்க? எஞ்சினா?” என்று ஓடிப்போய்ச் சங்கிலியைப் பிடித்தாள். அவளுடைய குரல் அவ்வளவு பெரியது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. “அவங்க போட்ட வீட்ல இருந்துக்கிட்டு அவங்களயே கட்டி இழுப்பீங்களா? விடுங்க. விடுங்கன்றேன்ல!” உதயசூரியன் அவளை ஒதுக்கிவிடும்படி கை காட்டினார். ஒருவன் அவள் தோளைப் பிடித்து நகர்த்தப் பார்த்தான். அவளும் நகரவில்லை. அவன் இரண்டு கைகளாலும் முயன்றான். மாலை வகுப்புக்குப் போகும் ஒல்லிப் பெண், ஐந்து வருடம் மூட்டை தூக்கிப் பழகியவன் கைக்கு அசையவில்லை. அதற்குள் மற்றவர்கள் சங்கிலியை இழுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

நாற்காலி மேலே போகவில்லை. மொட்டை மாடி கீழே வந்தது.

இடியவில்லை, விரிசல் விடவில்லை. வற்றும் கடலில் படகு இறங்குவதைப் போல, கூரை முழுதாகச் சுவரைவிட்டு நழுவி, கொக்கி கழன்று, பின்பக்கமாகச் சரிந்து, கொல்லையில் போய் அமர்ந்தது. கூடத்துத் தரையும் அதுவும் ஒரே மட்டம். கொடியில் காய்ந்த சட்டைகள்கூட விழவில்லை. கூடத்துக்குள் வெயில் வந்தது. உதயசூரியன் பழக்கத்தில் சுவரின் கனத்தைக் கையால் தட்டிப் பார்த்தார்.

லூசி வார்ப்பட்டையைத் தன் கையால் அவிழ்த்துப் போட்டாள். சக்கரத்தை உருட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக மொட்டை மாடிக்குப் போனாள். அந்த வீட்டில் வசித்த இத்தனை வருடத்தில் அவள் அதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தாள். ஒரு மேசை இருந்தது. பாதி ஆட்டத்தில் கவிழ்த்து வைத்த சீட்டுக்கட்டு, டீ கிளாஸ்கள், கிறிஸ்துமஸுக்கு மாட்டி எடுக்காமல் விட்ட காகித நட்சத்திரம், மிக்கேலின் பீடித் துண்டுகள் நிரம்பிய சிரட்டை. கரண்ட் போன ஒரு சனிக்கிழமையில் சேர்ந்த பொருட்கள் அல்ல அவை. அவள் தலைக்கு மேல் இன்னொரு வீடு இருந்திருக்கிறது. அவள் கீழே போன்களைப் பிரித்துக்கொண்டு, மேலே கேட்கும் சிரிப்பை அடுத்த வீட்டுச் சிரிப்பு என்று நினைத்திருந்த வீடு. மேசையைச் சுற்றி பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன. ஒன்றின் முதுகில் சுபிதாவின் நீலத் துண்டு தொங்கியது.

லூசி நாற்காலிகளை எண்ணினாள். வீட்டில் ஒன்பது பேர்.

“ஆறு,” என்றாள்.

சுபிதா அதற்குப் பிறகு பல சத்தங்களைக் கேட்டிருக்கிறாள், மே மாதப் புயலில் ஜெட்டி உடைந்த சத்தம் உட்பட. அந்த ‘ஆறு’ போல எதுவும் அவளைத் தாக்கியதில்லை. அவள் அழவில்லை. அழுதால் லூசிக்கா தன்னைச் சமாதானப்படுத்த வேண்டிவரும் என்று தோன்றியது, அது இன்னொரு அநியாயம். போய்த் தன் துண்டை எடுத்துக்கொண்டு, நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். டெர்வின் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். ருக்கு தடவிக்கொண்டு வந்து, காலுக்கடியில் இருப்பது என்ன என்று கேட்டாள். மொட்டை மாடி என்றார்கள். “அப்பிடியா, நல்லாத்தான் இருக்கு,” என்று சொல்லிக் காலை நீட்டிக்கொண்டாள். எட்டுக் கூலிக்காரர்களும் கூலி வாங்கிக்கொண்டு போனார்கள். உதயசூரியன் அன்று தன் அம்மா பெயரில் உள்ள வீட்டுக்குத் தானே ரிப்பன் வெட்டினார். பிறகு அதை ஒரு கம்பெனிக்கு விருந்தினர் விடுதியாக வாடகைக்கு விட்டார். கீழே இரும்பு கேட் இருக்கிறது, அங்கே இப்போது காய்கறி வைக்கிறார்கள். கூரை இல்லாத வீட்டை அதன் சொந்தக்காரர் வேறு யாருக்கும் விட முடியவில்லை. ஒன்பது பேரும் அங்கேயே இருந்தார்கள், தகரம் போட்டுக்கொண்டார்கள்.

மிக்கேல் மறுநாள் காலை சம்மட்டியோடு வாசல் படிகளின் முன் போய் நின்றார். பதினேழு வருடமாக அந்த இரண்டு படிகள் மேல் அவர் லூசியைத் தூக்கியிருக்கிறார். எஞ்சினையே பிரித்து மாட்டத் தெரிந்தவருக்கு, படிகளை உடைத்துவிட்டு ஒரு சரிவுப் பாதை போடலாம் என்று ஒருநாள்கூடத் தோன்றியதில்லை. வீட்டில் யாருக்குமே தோன்றியதில்லை. சேர்ந்து தூக்குவது அவர்களுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. முதல் அடியை ஓங்கும் முன் அவர் உடைந்து, தேம்பத் தொடங்கினார்.

“லூசி, என்னய மன்னிச்சுக்க.”

“அழுவாத,” என்றாள் லூசி உள்ளேயிருந்து. “ஒடை.”

மன்னித்தாளா என்று யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. சரிவுப் பாதையின் சிமெண்ட் காய்ந்ததும் லூசி தானே உருட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். ஈஸ்வரன் தன் ஆட்டோவை விற்று, பின்பக்கம் திறக்கிற சரக்கு ஆட்டோ வாங்கி, அதற்கு ஒரு பலகை வைத்திருந்தார். லூசி ஏறினாள். வண்டி எப்போதும்போல இலேசாகத்தான் ஓடியது என்றார் அவர். நாகலிங்கம் கவுன்டருக்கு வேறு ஆள் போட்டுவிட்டிருந்தார். லூசி கடை வாசலிலேயே தன் சொந்த மேசையைப் போட்டு உட்கார்ந்தாள். வாடிக்கையாளர்கள் உள்ளே போகாமல் வாசலில் நின்றார்கள். நாகலிங்கம் மூன்று நாள் முறைத்தார், நான்காம் நாள் தானே டீ வாங்கிக் கொடுத்தார். நகர்த்திப் பார்க்கலாம் என்று அவருக்கு யாரோ யோசனை சொன்னபோது, எனக்கு இடுப்பு வேண்டும் என்றாராம்.

எடை போகவில்லை. எவரும் அது போக வேண்டும் என்று இப்போது எதிர்பார்ப்பதில்லை. பகலில் லூசி கடையில் இருக்கும்போது படகுகள் ஜங்லிகாட் கடைவீதியைப் பார்த்து நிற்கின்றன, மாலையில் டாலிகஞ்ச் பக்கம் திரும்புகின்றன. குழாய்த் தண்ணீரும் அவள் இருக்கும் பக்கமே சாய்ந்து ஓடுகிறது. ஊரில் மூன்று நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீர் டாலிகஞ்சின் அந்தத் தெருவுக்கு மட்டும் தினமும் மாலையில், அவள் வீடு திரும்பிய கொஞ்ச நேரத்தில், வந்துவிடுகிறது. ஸ்கூட்டர் நகர்ந்து சுவரில் இடிக்கிறது என்று முன்பு சண்டைக்கு வந்த பக்கத்து வீட்டு விஜயலட்சுமி, இப்போது தெருவில் யாராவது லூசியின் நாற்காலிக் கைப்பிடியைத் தொட்டால், “ஏய், கைய எடு!” என்று ஜன்னலிலிருந்தே கத்துகிறாள். சுபிதாவையும் யாராலும் கேட்காமல் நகர்த்த முடிவதில்லை. கூட்டமான பஸ்ஸில் அது அவளுக்கு உதவியாக இருக்கிறது. சனிக்கிழமைக் கூட்டம் மொட்டை மாடியில் நடக்கிறது, ஒன்பது பேரோடு. சண்டை முன்பைவிட அதிகம், முடிய நேரமாகிறது, டெர்வின் முதலில் பேசுகிறான்.

ஜூன் 14, சனி. இன்றைய கூட்டத்தில் லூசிக்கா மிக்கேல் அண்ணனை இரண்டு முறை திட்டினார், என்னை ஒரு முறை. என்னைத் திட்டியது நியாயம் என்று நினைக்கிறேன். நாளை ஞாயிறு, கடை விடுமுறை, லூசிக்கா வீட்டில் இருப்பார், அதனால் தண்ணீர் காலையிலேயே வந்துவிடும். அதற்குள் டிரம்களைக் கழுவி வைக்க வேண்டும். என் முறை.